எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஸபக்கா?

மக்தபில் ஓதிக்கொடுக்கும் இளம் ஆலிம் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து ஒரு கேள்வியைக் கேட்டார். "காலையில் கிடைப்பது ஒரு மணி நேரம். பிள்ளைகள் நாற்பது பேர். அவர்களில் ஐந்து பேருக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் ஏறவில்லை. அந்த ஐவருக்காக நேரத்தைச் செலவிட்டால் மற்ற முப்பத்தைந்து பேருக்கு அநீதி. அவர்களை விட்டுவிட்டால் அந்த ஐவருக்கு அநீதி. நாளை மறுமையில் நான் எதற்கென்று பதில் சொல்வேன்?" என்றார்.

கேட்டவர் விவாதத்திற்காகக் கேட்கவில்லை. முகத்திலே கவலை தெரிந்தது. மறுமையை நினைத்து ஒரு உஸ்தாது கவலைப்படுகிறார் என்றால் அந்த மக்தபின் பிள்ளைகள் பாக்கியம் செய்தவர்கள்தாம். ஆனால் நம்மால் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அந்தக் கேள்விக்கு நாமே ஒரு காலத்தில் தவறான விடை எழுதியவர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1984-ஆம் ஆண்டில் ஒரு சிற்றூரில் சுபுஹுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தோம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சூட்டிகையானவன், பேச்சில் கெட்டி, பள்ளிவாசல் ஹவுளில் தண்ணீர் குறைந்தால் யாரும் சொல்லாமலே போய் இறைத்து ஊற்றுவான். ஆனால் ஏட்டைப் பிரித்தால் அவ்வளவுதான். 'பே'யையும் 'தே'யையும் மாற்றுவான். 'ஜீம்', 'ஹே', 'கே' மூன்றும் அவனுக்கு ஒன்றே. நேற்றுச் சரியாகச் சொன்ன எழுத்தை இன்று முதன்முதலாகப் பார்ப்பவன் போல விழிப்பான். அவனோடு சேர்ந்தவர்கள் 'அம்ம' ஜுஸுவை முடித்துக் குர்ஆன் ஷரீபைத் தொடங்கிவிட்டார்கள். அவன் இரண்டு வருஷமாக அதே எழுத்துப் பாடத்தில் இருந்தான். நாம் என்ன செய்தோம்? திட்டினோம். பிரம்பைக் கையில் எடுத்தோம். அதிலும் பலனில்லை என்று கண்டபோது, செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி வரிசையில் அவனை உட்கார வைத்துவிட்டு மறந்துபோனோம்.

ஒரு நாள் அவனுடைய தாயார் வந்து கதவுக்கு அப்பால் நின்றுகொண்டு சொன்னார்: "அஜரத்து, வீட்டிலே அவன் நல்லா ஓதுறான். அவங்க நன்னி ஓதுறதைக் கேட்டுக் கேட்டே யாஸீன் பாதி சொல்லிடுவான்." நாம் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "பார்த்து ஓதத் தெரியாதவன் கேட்டு ஓதி என்னம்மா பிரயோஜனம்?" அடுத்த மாதத்திலிருந்து பையன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் விசாரிக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரு பாரம் குறைந்ததாகவே எண்ணினோம்.

ஆகவே, நம்மிடம் கேட்ட அந்த ஆலிமுக்கு நாம் இங்கே எழுதுவதை அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைப்போம். நல்ல முறையில் ஓதும் பிள்ளையின் தகப்பனார் ஒருவர் வருகிறார். "நானும் அதே சந்தாதான் கட்டுகிறேன். என் மகன் பத்து நிமிஷத்தில் பாடத்தைக் கொடுத்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் அந்த ஒரு பையனோடு மாரடிக்கிறீர்கள். பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கச் சொல்லி ஹதீதிலேயே வந்திருக்கிறதே" என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மகனுக்கு மட்டும் ஒரு அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதேபோலக் கொடுத்தீரா என்று பெருமானார் அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி கட்டளையிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள பிரபலமான ஹதீது இது.

ஆனால் அங்கே பேசப்பட்டது அன்பளிப்பு. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஃபிக்ஹு அறிஞர்கள் அன்பளிப்பை ஒரு விதமாகவும், உணவு, உடை, மருந்து ஆகிய ஜீவனாம்சத்தை வேறு விதமாகவும் பார்த்தார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தால், அதன் வைத்தியத்திற்கு ஆன செலவைக் கணக்கிட்டு மற்ற இரு பிள்ளைகளுக்கும் அதே தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் தகப்பன் உண்டா? பால்குடிப் பிள்ளைக்கும் பதினெட்டு வயது மகனுக்கும் ஒரே அளவு சோற்றை வைக்கிற தாய் உண்டா? தேவையைப் பார்த்துக் கொடுப்பதே அங்கு நீதி. அளவு சமமாக இருந்தால்தான் அநீதி.

அப்படியானால் கேள்வி இப்படித் திரும்புகிறது: ஓதிக்கொடுப்பது அன்பளிப்பா, உணவா?

தொழுகை செல்லுபடியாவதற்கு எவ்வளவு ஓதத் தெரிய வேண்டுமோ அவ்வளவும் ஒவ்வொரு தனிமனிதர் மீதும் கடமை. பர்ளு ஐன். ஒரு பிள்ளையின் சூரத்துல் ஃபாத்திஹா அவனுக்கு உணவு. அதற்கு மேல் ராகத்தோடு ஓதுவதும், முப்பது ஜுஸுவையும் மனனம் செய்வதும், கிராஅத் போட்டியிலே பரிசு வாங்குவதும் மேன்மையான காரியங்கள். அல்லாஹ் அவற்றை அதிகமாக்குவானாக. ஆனால் ஒரு பிள்ளை பசியோடு கடைசி வரிசையில் இருக்கும்போது இன்னொரு பிள்ளைக்குப் பழம் உரித்துக் கொடுப்பது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. ஆலிம் அவர்களின் கேள்விக்கு முதல் பாதி விடை இது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த ஐவருக்கும் கடமை அளவுக்கு ஓதத் தெரியும் வரையில் நேரத்தில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அது சலுகை அல்ல, உரிமை.

சமத்துவத்துக்கு இங்கே இடமே இல்லையா என்றால், உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இமாம் முஹம்மது இப்னு ஸஹ்னூன் அவர்கள், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்களின் ஒழுக்கங்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார்கள். ஏழைப் பிள்ளையையும் பணக்காரப் பிள்ளையையும் வேற்றுமை பாராட்டாமல் நடத்த வேண்டும் என்பது அதில் வலியுறுத்தப்படும் விஷயம். பார்வையில், பேச்சில், மரியாதையில் சமம். நேரத்திலும் முறையிலும் தேவைக்குத் தக்கபடி. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: பாடத்தை எல்லாருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு, முகத்தை மட்டும் ஆளுக்கொரு விதமாகக் காட்டுகிறோம். முத்தவல்லியின் பேரனுக்கு ஒரு முகம், மீன் விற்பவரின் மகனுக்கு ஒரு முகம்.

இனி அந்த முப்பத்தைந்து பேரின் உரிமை என்ன ஆவது? இங்கேதான் நமக்குத் தொழுகையின் சட்டம் வழிகாட்டுகிறது.

முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அறியாதவர் இரார். நபி (ஸல்) அவர்களோடு தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் சென்று இமாமத் செய்பவர்கள் அவர்கள். ஒரு நாள் இரவுத் தொழுகையில் சூரத்துல் பகராவைத் தொடங்கிவிட்டார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்துப்போன ஒருவர் ஜமாஅத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் அவர்கள் அவரை நயவஞ்சகர் என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் அண்ணலாரிடம் போனது. பெருமானாரின் கோபம் யார் மீது திரும்பியது? பாதியில் போனவர் மீதல்ல. நீட்டி ஓதியவர் மீது. மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறவரா நீர் என்று மூன்று தடவை கேட்டு, சிறிய சூராக்களின் பெயர்களைச் சொல்லி, பின்னால் முதியவரும் பலவீனரும் தேவையுடையவரும் நிற்கிறார்கள் என்று நினைவூட்டினார்கள்.

முஆத் அவர்களோ ஸஹாபாக்களில் ஹலால் ஹராம் சட்டங்களில் தேர்ந்தவர்கள் என்று புகழப்பட்டவர்கள். அவர்களுடைய ஓதுதலில் குறையில்லை. எண்ணத்திலும் குறையில்லை. பின்னால் நிற்பவர் யார் என்று பார்க்காததுதான் குறை. ஒரு பிள்ளை மக்தபை விட்டு நின்றுவிட்டால் 'அவன் உருப்படமாட்டான்' என்று நாம் சொல்வது, முஆத் அவர்கள் அந்த மனிதரைப் பற்றி அவசரத்தில் சொன்னதைப் போன்றதுதான். விசாரணை நம் பக்கமல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

தாயிஃபிலிருந்து வந்த தூதுக்குழுவில் வயதில் இளையவரான உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களைத் தம் மக்களுக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகவும் பலவீனமானவரை அளவாக வைத்துக்கொள்ளும்படி பணித்ததாக அபூதாவூதிலும் நஸயீயிலும் வருகிறது. வேகமாகச் செல்பவரை அளவுகோலாக்கவில்லை, சராசரியானவரையும் ஆக்கவில்லை. எல்லாரினும் பலவீனமானவரை ஆக்கினார்கள்.

ஆனால் இதே விஷயத்தில் இன்னொரு ஹதீதின் பிற்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். இமாமாக நின்றால் சுருக்குங்கள் என்று சொன்ன பெருமானார் அவர்கள், தனியாகத் தொழும்போது விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளலாம் என்றும் அதே வாசகத்தில் அனுமதித்திருக்கிறார்கள். நின்று நீட்டித் தொழ விரும்புகிறவரின் ஆசை தடுக்கப்படவில்லை. அதற்கு வேறு நேரம் ஒதுக்கப்பட்டது. வகுப்புக்கும் இதுவே பொருந்தும் என்று கருதுகிறோம். நாற்பது பேரும் சேர்ந்து ஓதும் பொதுப் பாடத்தில் பலவீனமான பிள்ளையே அளவு. தனிப் பாடத்தில் அவரவர் கால் போகும் தூரம். இரண்டும் இருந்தால் யாருக்கும் அநீதியில்லை. இப்போது நடப்பதோ, பொதுப் பாடம் மட்டுமே இருக்கிறது. அதுவும் வேகமாக ஓதும் பிள்ளையின் அளவில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது பழைய ஓதும் பள்ளிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவற்றில் ஆயிரம் குறைகள். அடி அதிகம். பொருள் விளக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு சிறப்பு இருந்தது. அங்கே வகுப்பு என்பதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஸபக். அவனவன் ஏட்டை எடுத்துக்கொண்டு உஸ்தாதின் முன்னால் வந்து உட்கார்ந்து நேற்றைய பாடத்தைக் கொடுத்துவிட்டு இன்றைய பாடத்தை வாங்கிக்கொண்டு போவான். ஒருவன் ஒரு வருஷத்தில் கத்தம் செய்வான். ஒருவன் ஐந்து வருஷம் எடுப்பான். 'பெயில்' என்ற சொல் அங்கே கிடையாது. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் சட்டாம்பிள்ளை முறை இருந்ததே. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தம் காப்பகத்தில் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்து, அதைப் பற்றி 1797-ல் லண்டனில் நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நம் திண்ணையில் இருந்த வழக்கம் கப்பலேறிப் போய்ப் புகழ் பெற்றது. நாமோ மக்தபிலும் வகுப்பு, பாடத்திட்டம், அரையாண்டுத் தேர்வு, முழு ஆண்டுத் தேர்வு, மதிப்பெண் பட்டியல் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஒழுங்கு வந்தது. அல்ஹம்து லில்லாஹ். தஜ்வீதும் வந்தது. ஆனால் ஐந்து வருஷம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இருந்த இடம் போய்விட்டது.

வேகமாக ஓதும் பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்குவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நாமும் அதைச் செய்தோம். எட்டு வயதில் குர்ஆனை முடித்த ஒரு பையனிடம் பத்துச் சிறுவர்களை ஒப்படைத்தோம். சொல்லிக்கொடுத்ததால் அவனுடைய ஓதல் சீர்ப்பட்டது உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவன் புதிதாக ஒன்றுமே கற்கவில்லை. நம் சோம்பலுக்குக் கூலியில்லாத ஆளாக ஆகியிருந்தான். கூடவே, சிறியவர்களிடம் நம்மைப் போலவே கத்தவும் கற்றுக்கொண்டிருந்தான். வாரத்தில் இரண்டு நாள் கற்பிக்கட்டும். மற்ற நாட்களில் அவனுக்கும் புதிய ஸபக் வேண்டும். அறிவுள்ள பிள்ளைக்கும் பசி உண்டு.

இனி, எவ்வளவு முயன்றாலும் முடியாத பிள்ளை. இவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, குர்ஆனிலிருந்து எதையும் தம்மால் கற்று வைத்துக்கொள்ள முடியவில்லை, தமக்குப் போதுமானதைக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டதாக அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முயற்சி போதாது, மீண்டும் போய்ப் படி என்று பெருமானார் அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. தஸ்பீஹ், தஹ்மீது, தஹ்லீல், தக்பீர் முதலிய சில சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் அதோடு போகவில்லை. இவையெல்லாம் இறைவனுக்குரியவை, எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். என்ன துணிச்சல், என்ன உரிமை! அவருக்குத் தமக்காகக் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறிய துஆவும் கற்பிக்கப்பட்டது. அவர் கை நிறைய நன்மையோடு போகிறார் என்று பெருமானார் பாராட்டினார்கள். ஓதத் தெரியாதவர் கூச்சப்படாமல் வந்து கேட்கிற சபையாக அது இருந்தது. நம் மக்தபில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, என்னால் முடியவில்லை, எனக்குப் போதுமானதைச் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா?

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபுச் சட்டத்தைப் பாருங்கள். ஃபாத்திஹா ஓத இயலாதவர் அதற்குப் பதில் வேறு ஏழு ஆயத்துக்களை ஓத வேண்டும். அதுவும் இயலாவிட்டால் திக்ரு. அதுவும் இயலாதவர் ஃபாத்திஹா ஓதும் நேரம் வரை மௌனமாக நிற்க வேண்டும். அந்த மௌனம் அவருடைய கிராஅத்தின் இடத்தில் வைக்கப்படுகிறது. ஒன்றும் சொல்ல முடியாதவருக்கும் நிற்பதற்கு ஓர் இடம் உண்டு. ஃபிக்ஹு கிதாபில் நாம் எத்தனையோ தடவை பார்த்த மஸ்அலாதான் இது. அதைப் படிக்கும்போது அந்தப் பையன் நம் நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

புள்ளிகளை மாற்றிப் பார்க்கும் அந்தக் குறைக்கு இன்று மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; எழுத்துருவையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம். புள்ளியின் எண்ணிக்கையாலும் இடத்தாலும் மட்டுமே வேறுபடும் எழுத்துக்கள் அரபியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொல்லின் நடுவில் வரும்போது அவற்றின் வடிவமும் மாறிவிடுகிறது. அத்தகைய பிள்ளைக்குக் காதுதான் வாசல். எழுத்தைப் பெரிதாக எழுதி விரலால் தடவச் சொல்லலாம், மணலில் எழுத வைக்கலாம், ஒரே நாளில் ஒரே ஓர் எழுத்தோடு நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்டு ஓத விடலாம். திருமறை காகிதத்தில் இறங்கியதல்ல. ஓதப்பட்டது, கேட்கப்பட்டது, நெஞ்சில் நின்றது. எழுத்து அதற்குக் காவலாக வந்தது. 'கேட்டு ஓதி என்ன பிரயோஜனம்' என்று நாம் கேட்டோமே, அந்தக் கேள்வியை ஸஹாபாக்களின் காலத்தில் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள்.

கண் தெரியாதவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் சம்பவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இடையே வந்து தமக்குக் கற்பிக்கும்படி கேட்டார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கிய 'அபஸ' சூராவை நம் பிள்ளைகள் அம்ம ஜுஸுவிலேயே ஓதிவிடுகிறார்கள். பெரிய மனிதர்கள் திருந்தினால் ஊரே திருந்தும் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனாலும், தேடி வந்த கண்ணிழந்தவரின் பக்கமே இறைவன் நின்றான். பின்னாளில் அவர்கள் பிலால் (ரலி) அவர்களோடு மதீனாப் பள்ளியின் முஅத்தினாக இருந்தார்கள். பெருமானார் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவில் பிரதிநிதியாகவும் விடப்பட்டார்கள். அனுதாபத்திற்குரியவராக ஓரத்தில் உட்கார வைக்கப்படவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2012-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. ஆகவே பிள்ளை காலை எட்டரை மணிக்குப் போகும் பள்ளிக்கூடத்தில் அவனுடைய சிரமத்திற்குப் பெயர் இருக்கிறது, பரீட்சையில் கூடுதல் நேரம்கூடக் கேட்கலாம். ஏழு மணிக்கு நம்மிடம் உட்கார்ந்திருக்கும்போது அதே பிள்ளை 'மக்கு'. அரசாங்கம் நம்மைக் கேட்காது. கேட்கிறவன் வேறு ஒருவன்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளைக்குக் காது மந்தமாக இருக்கிறது, பேச்சில் திக்கு இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு மக்தபில் சேர்க்கிறீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால், நாளை கல்யாணப் பேச்சு வரும் என்று இன்னும் அதிகமாக மறைக்கிறீர்கள். உஸ்தாதுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அவர் திமிர் பிடித்தது என்றே நினைப்பார். மறைத்ததற்கான அடியைப் பிள்ளைதான் வாங்குகிறது. இன்னொன்று: மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், 'பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த சூரா ஓதுகிறான், நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்காதீர்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரட்டிப்பு நன்மை உண்டென்ற ஹதீதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இரட்டிப்பு நன்மையோடு வந்தவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் பங்கு உண்டு. நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு நாம் மேலே சொன்னதையெல்லாம் அவரிடம் எதிர்பார்ப்பது, குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தில் ஒருவரை மூன்று பேராக மாறச் சொல்வதாகும். மினாராவுக்கு வர்ணம் பூசுவதற்கு வசூலாகிற ஊரில் இரண்டாவது உஸ்தாதுக்குச் சம்பளம் வசூலாகாதா?

இந்த வழி நம் முன்னோர்களுக்குப் புதியதல்ல. பேச்சு தமிழாக இருந்து, கற்ற எழுத்து அரபியாக மட்டுமே இருந்த மக்களுக்காக, தமிழையே அரபி எழுத்தில் எழுதினார்கள் அவர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற மேதைகள் அந்த அரபுத் தமிழில் சட்ட நூல்களை எழுதியதால்தான், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்களும் வீட்டிலிருந்தே தொழுகையின் சட்டத்தை அறிந்தார்கள். கற்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பாடத்தைக் கொண்டுபோனார்கள். அந்தப் பையனின் நன்னியும் அந்த வழியில் கற்றவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவனைப் பற்றி மீதியையும் எழுதிவிடுகிறோம்.

2023-ல் அவனுடைய தாயார் மவுத்தான செய்தி கேட்டு அந்த ஊருக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் கத்தம் ஓத உட்கார்ந்தார்கள். முப்பது ஜுஸுக்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். நமக்கு எதிரே நரைத்த தாடியுடன் ஒருவர் ஒரு ஜுஸுவை வாங்கி விரித்து வைத்துக்கொண்டார். சற்று நேரத்திற்கு ஒரு முறை பக்கத்தைத் திருப்பினார். நமக்கு என்னவோ உறுத்தியது. அவர் கையில் இருந்தது ஐந்தாவது ஜுஸு. உதடுகள் அசைவதைக் கவனித்தால், அவர் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தது யாஸீன். பாதி வரை வந்ததும் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். தம் தாயாருக்காக ஓத அவரிடம் இருந்தது அவ்வளவுதான். அதையும் தெரிந்த ஒருவரைப் போலக் காட்டிக்கொண்டு ஓத வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார். "பக்கத்தை வீணாத் திருப்பினேன் அஜரத்து, நீங்க பாத்தீங்க." நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் எதற்கு என்று புரியாதவர் போல நம் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க அஜரத்து, என் மண்டைக்கு ஏறல" என்றார். நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாதி யாஸீனைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். மூன்று இடத்தில் மட்டும் பிழை இருந்தது. அவை நன்னியிடமிருந்து வந்த பிழைகளாக இருக்க வேண்டும். திருத்தினோம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தொலைபேசியில் அழைக்கிறார். ஓர் ஆயத்தை நாம் ஓதுவோம், அவர் கேட்பார். பிறகு அவர் ஓதுவார், நாம் கேட்போம். ஏட்டை எடுக்கச் சொல்வதில்லை. சில வாரம் ஓர் ஆயத்தும் நகராது. யாஸீனின் எண்பத்து மூன்று ஆயத்துக்களில் சென்ற வெள்ளிக்கிழமையோடு அறுபத்தொன்று முடிந்திருக்கிறது.